குதிரைக்கு டெண்டன் போனால்: லேசரா, குளமா, கையில் பிடித்த நடையா?

பந்தயம் ஓடி முடித்து சவாரிக்கு வந்த தரோபிரெட் குதிரை ஒரு நாள் காலையில் முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. முட்டிக்குக் கீழே, காலின் பின்பக்கம் தொட்டால் சுடுகிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் அந்த இடம் வில்லாக வளைந்து வெளியே தெரிகிறது. மருத்துவர் வந்து காலைத் தூக்கிப் பிடித்து, விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு "டெண்டன் போயிருக்கு" என்கிறார். தசையை எலும்போடு இணைக்கும் நார் காயப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அன்று சாயங்காலத்துக்குள் ஆளுக்கொரு யோசனை வந்துவிடும். லேசர் வைக்கலாம் என்பார் ஒருவர். ஷாக்வேவ் மெஷின் வந்திருக்கிறதாம் என்பார் இன்னொருவர். நீச்சல் குளத்துக்கு அனுப்பு, கடல் தண்ணீரில் நிறுத்து, ஒரு வருஷம் தோப்பில் அவிழ்த்து விடு என்று வரிசையாக வரும். லாயத்தில் வயதான சைஸ் (குதிரைக்காரர்) யாராவது இருந்தால் சூடு போடச் சொல்வார்.

எல்லாவற்றையும் செய்ய யாரிடமும் பணம் இருக்காது. இருந்தாலும் எல்லாவற்றையும் செய்யக் கூடாது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெண்டன் காயத்தில் முதல் செலவு ஸ்கேனுக்கு. இரண்டாவது செலவு, தினமும் குதிரையைப் பிடித்து நடத்தும் ஆளுக்கு. மெஷின்களைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம். முதுகுவலி என்றால் இந்தக் கணக்கு மாறும். அதைப் பின்னால் பார்ப்போம்.

காலுக்குள் என்ன நடக்கிறது

குதிரையின் முன்முட்டிக்குக் கீழே சொல்லிக்கொள்ளும்படி தசை கிடையாது. எலும்பு, டெண்டன், எலும்பை எலும்போடு இணைக்கும் லிகமெண்ட், தோல், அவ்வளவுதான். மேலே இருக்கும் தசைகள் நீளமான டெண்டன்கள் வழியாகக் குளம்பை இயக்குகின்றன. நிற்கும் குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்கால்கள் இரண்டும் தாங்குகின்றன. பாய்ச்சலில் ஒரு முன்கால் மட்டும் ஊன்றும் கணத்தில், உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு அந்த ஒற்றைக் காலில் இறங்கும். 450 கிலோ குதிரைக்கு அது ஒரு டன்னைத் தாண்டும். பின்பக்கம் தோலுக்கு அடுத்தபடி இருக்கும் டெண்டன் அந்தக் கணத்தில் தன் எல்லை வரைக்கும் இழுபடுகிறது. பாய்ச்சலின்போது அதன் நடுப்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். காயமும் பெரும்பாலும் நடுவில்தான் வருகிறது. ஸ்கேன் திரையில் வெள்ளைக்கு நடுவே கறுப்பு ஓட்டையாகத் தெரியும்.

ஆறும் விதம்தான் இங்கே முக்கியம். முதல் சில நாள் வீக்கமும் சூடும். அடுத்த சில வாரங்களில் ஓட்டையை நிரப்பப் புது நார்கள் வரும். ஆனால் அவை தாறுமாறாகக் கிடக்கும், பலமும் இருக்காது. அதற்குப் பின் மாதக் கணக்கில் அவை இழுபடும் திசையில் வரிசைகட்டி இறுகும். அப்படி வரிசைகட்டுவதற்கு அளவான சுமை வேண்டும். சுமையே இல்லாவிட்டால் நெகிழ்ச்சியில்லாத முரட்டுத் தழும்பாகிவிடும். அதிகமானால் மறுபடி கிழியும். ஆகவே யார் எந்தச் சிகிச்சையைச் சொன்னாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: இந்தக் காலுக்கு, இந்தக் கட்டத்தில், அளவான சுமையை இது தருகிறதா, இல்லை அதைத் தருவதற்கு வழியாவது செய்கிறதா?

முதல் ஓரிரு வாரத்தில் காயம் இன்னும் பெரிதாகலாம். அதனால் முதல் நாள் ஸ்கேனை மட்டும் நம்பக் கூடாது. வீக்கம் வற்றியபின் எடுக்கும் ஸ்கேன்தான் நிஜமான அளவைச் சொல்லும். வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் பெரிய விலங்குகளுக்கான பிரிவு இருக்கிறது. முன்கூட்டியே கேட்டுவிட்டு, கால் வீக்கம் அடங்கியபின் வண்டியேற்றிக் கொண்டுபோவது நல்லது. எடுக்கும்போது நல்ல காலையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு முன்கால்களிலும் சத்தமில்லாமல் காயம் இருப்பது பந்தயக் குதிரைகளில் அதிசயமில்லை.

முதல் இரண்டு மூன்று நாளுக்குச் செய்ய வேண்டியதில் சர்ச்சை கிடையாது. ஐஸ். ஐஸ் பையைக் கட்டுவதைவிட, குழாய்த் தண்ணீர் அடிப்பதைவிட, ஐஸ் போட்ட தண்ணீருக்குள் காலை முட்டி வரை நிறுத்துவது நன்றாக வேலை செய்கிறது. ஒரு வேளைக்கு 20 நிமிடம், ஒரு நாளைக்குப் பல வேளை. மெரினாவில் கொண்டுபோய் அலையில் நிறுத்துவது இதற்கு ஈடாகாது. சென்னைக் கடல் வருஷத்தில் பெரும்பாலான நாள் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

கையில் பிடித்த நடை

இது மலிவானது, சலிப்பானது, செய்து காட்டி அசத்த முடியாதது. அதனாலேயே யாரும் இதைச் சிகிச்சை என்று மதிப்பதில்லை. ஆனால் மேலே கேட்ட கேள்விக்கு நேரடியாக "ஆமாம்" என்று பதில் சொல்வது இது ஒன்றுதான்.

முறை சாதாரணமானது. குதிரையை லாயத்தில் அடைத்து வைத்து, வீக்கம் அடங்கியதும் நாளுக்கு ஒன்றிரண்டு தடவை ஐந்து பத்து நிமிடம் கையில் பிடித்து நடத்துவது. பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் என்ற கணக்கில் கூட்டுவது. மூன்று மாதத்தில் 40 நிமிடம், ஒரு மணி நேரம் வரை போகலாம். அந்தக் கட்டத்தில் மறுபடி ஸ்கேன். நார்கள் வரிசைகட்டியிருந்தால் நடைக்கு நடுவே சில நிமிடம் டிராட் (மெல்லோட்டம்), நேர்கோட்டில், கெட்டியான தரையில். அதைவிட வேகமான கேன்டர் ஆறு மாதத்துக்கு முன்னால் வேண்டாம். பழைய வேகத்துக்கு வர ஒன்பது மாதமும் ஆகலாம், ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். காயத்தின் அளவைப் பொறுத்து மருத்துவர் இதைக் கூட்டிக் குறைப்பார். நீங்களாகக் குறைக்காதீர்கள்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. இரண்டு வாரம் அடைபட்டுக் கிடந்த தரோபிரெட்டை வெளியே கொண்டுவந்து பாருங்கள். காற்றில் ஒரு பிளாஸ்டிக் பை பறந்தால் போதும், பின்னங்கால்களில் எழுந்து நின்றுவிடும். பத்து நிமிட நடைக்காகப் போனவர் பத்து விநாடித் துள்ளலில் ஒரு மாத வேலையைத் தொலைத்துவிட்டு வருவார். எனவே முதல் சில வாரங்களுக்குக் கயிறு மட்டும் போதாது, கடிவாளமே மாட்ட வேண்டும். பிடிப்பவர் தலைக்கு முன்னால் போகாமல் தோள் பக்கம் நடக்க வேண்டும். கையுறை கட்டாயம். விடியற்காலையில், தெருநாய்களும் லாரிகளும் கிளம்புவதற்கு முன், தினமும் அதே பாதையில் போவது நல்லது. ரொம்பத் துடிக்கிற குதிரைக்கு லேசாக மயக்க மருந்து தரலாமா என்று மருத்துவரிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வலி மருந்து கதை வேறு. அது நொண்டலை மறைத்துவிடும். அதைக் கொடுத்துவிட்டு "இப்போது நன்றாக நடக்கிறது" என்று நேரத்தைக் கூட்டுவது ஆபத்து.

தரையும் முக்கியம். உலர்ந்த கடற்கரை மணலில் குளம்பு புதையும், ஒவ்வொரு அடிக்கும் டெண்டன் கூடுதலாக இழுபடும். ஈரம் இறுகிய மணல் பரவாயில்லை. மண்சாலை, காய்ந்த களம், புல் தேய்ந்த மைதானம் எல்லாம் சரி. வடகிழக்குப் பருவமழையையும் கணக்கில் சேருங்கள். ஆகஸ்டில் அடிபட்ட குதிரை நவம்பரில் டிராட் தொடங்கும் கட்டத்துக்கு வரும், அப்போது மைதானம் சேறாகக் கிடக்கும். சேற்றில் டிராட் ஓட்டுவதைவிட ஒரு மாதம் கூடுதலாக நடக்க விடலாம். வட்டமடிக்க விடுவது, அதாவது லஞ்சிங், டெண்டன் குதிரைக்கு ஆகாது.

அப்புறம் தீவனம். ஓட்டம் நின்றதும் கொள்ளையும் மற்ற தானியத்தையும் அன்றே குறைத்துப் புல்லைக் கூட்ட வேண்டும். வேலை இல்லாத குதிரைக்கு வேலைக்காரத் தீவனம் போட்டால் சிக்கல் இரண்டு. ஒன்று, அடக்க முடியாது. இன்னொன்று, மறுபடி வேலை தொடங்கும் நாளில் இடுப்புத் தசைகள் இறுகிப்போய் நகர முடியாமல் நின்றுவிடும். அடைத்து வைத்த குதிரைக்கு வயிற்றுவலி வரும் அபாயமும் உண்டு. தண்ணீர் குடிக்கிறதா, லத்தி சரியாக விழுகிறதா என்று பார்க்கிற ஆள் லாயத்திலேயே வேண்டும்.

லாடமும் இதில் சேர்த்தி. முன்பக்கம் நீண்டு குதிப்பக்கம் தாழ்ந்த குளம்பு, டெண்டன்மேல் கூடுதல் பாரம் போடும். லாடம் கட்டுபவரை முதல் மாதத்திலேயே கூப்பிட்டு மருத்துவரோடு பேச வையுங்கள். எந்த மெஷினையும்விட இது குறைந்த செலவு.

தோப்பில் அவிழ்த்து விடுவது

ஒரு வருஷம் மேய விட்டால் காயம் ஆறத்தான் செய்யும். தப்பில்லை. ஆனால் மேயும் குதிரை சும்மா மேய்ந்துகொண்டு நிற்காது. பக்கத்து வேலிக் குதிரையைப் பார்த்தால் ஓடும், பட்டாசுச் சத்தத்துக்குச் சுழலும். சுமை கிடைக்கிறது, அளவு நம் கையில் இல்லை. இனிமேல் ஏறவே போவதில்லை என்ற வயதான குதிரைக்கு இது போதும். வேலைக்குத் திரும்ப வேண்டிய குதிரைக்கு முதல் சில மாதங்களில் இது வேண்டாம். சூடு போடுவதைப் பற்றி ஒரே வரி: 1983ல் இங்கிலாந்தில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று அது டெண்டனை ஆற்றுவதில்லை என்று காட்டிவிட்டது. சூடு போட்ட குதிரைகள் தேறியதற்குக் காரணம், சூட்டுக்குப் பிறகு கிடைத்த நீண்ட ஓய்வு.

மெஷின்கள்

மெஷின் வைத்திருப்பவர்கள் எல்லாக் காயத்துக்கும் அதையே சொல்வார்கள். அது இயல்பு. நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஷாக்வேவ், அதாவது காயத்துக்குள் அழுத்த அலைகளைச் செலுத்துவது, இவற்றில் ஓரளவு நல்ல பெயர் எடுத்தது. ஆனால் அந்தப் பெயர் டெண்டனைவிட, கணுக்காலைத் தாங்கும் சஸ்பென்சரி லிகமெண்ட், முட்டிக்குச் சற்றுக் கீழே எலும்போடு ஒட்டும் இடத்தில் காயப்படும்போதும், சில முதுகுவலிகளிலும் கிடைத்தது. வழக்கமாக இரண்டு வார இடைவெளியில் மூன்று தடவை செய்கிறார்கள். குதிரைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம், மருத்துவரே செய்ய வேண்டிய வேலை. கவனிக்க வேண்டிய விஷயம், சிகிச்சைக்குப் பின் சில நாள் வலி மரத்துப்போகும். சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் போட்டிக்கு முந்திய 5 நாட்களில் இதைத் தடை செய்திருப்பது அதனால்தான். அந்த நாட்களில் குதிரை நன்றாக நடப்பதைப் பார்த்து ஏமாறாமல், நடை நேரத்தை அட்டவணைப்படியே வைத்திருங்கள்.

லேசருக்கு ஆதாரம் கலவையாக இருக்கிறது. சில ஆய்வுகள் உதவுகிறது என்கின்றன, சில பெரிதாக ஒன்றுமில்லை என்கின்றன. சக்தி அதிகமான நான்காம் வகுப்பு லேசர் தோலைச் சுட்டுவிடும், கறுப்பு ரோமமும் கறுப்புத் தோலும் சூட்டை அதிகம் உறிஞ்சும். பிடிப்பவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கொடுக்கிறார்களா என்று பாருங்கள். கொடுக்காத ஆளிடம் குதிரையை ஒப்படைக்காதீர்கள்.

சிகிச்சைக்கான அல்ட்ராசவுண்ட் வேறு, ஸ்கேன் எடுக்கும் அல்ட்ராசவுண்ட் வேறு. முன்னது திசுவைச் சூடாக்கும். தோலுக்கு அருகில் உள்ள டெண்டனுக்கு 3 மெகாஹெர்ட்ஸ், ஆழமான தசைக்கு 1 மெகாஹெர்ட்ஸ். ரோமத்தை மழிக்காமல், ஜெல் தடவாமல் மேலாக ஓட்டினால் ரோமத்துக்குள் இருக்கும் காற்று அலையைத் தடுத்துவிடும். குதிரைக்கு ஒன்றும் போய்ச் சேராது, நமக்கு பில் வந்து சேரும். காயம் புதிதாகச் சூடாக இருக்கும்போது இந்தச் சூட்டையும் சேர்ப்பது கூடாது. காந்தப் போர்வைகள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குதிரைக்குச் சுகமாக இருக்கலாம், டெண்டனை ஆற்றும் என்பதற்குப் பலமான ஆதாரம் இல்லை.

இவை எதுவும் சுமை தருவதில்லை. வலியையும் வீக்கத்தையும் ஓரளவு குறைக்கலாம், அவ்வளவுதான். ஆறு மாதம் நடத்தி அழைத்துச் செல்ல ஆள் வைக்கப் பணமில்லை, ஆனால் பத்து லேசர் சிட்டிங்குக்குப் பணமிருக்கிறது என்றால், எனக்கு அது தலைகீழ்க் கணக்கு.

தண்ணீர்

தண்ணீர் வைத்தியத்தில் இரண்டு வகை உண்டு, குணமும் நேரெதிர்.

நீச்சலில் குளம்பு தரையைத் தொடுவதே இல்லை. மூச்சும் இதயமும் நன்றாக வேலை செய்யும், கால் அடிபடாது. ஓட்டமில்லாத மாதங்களில் பந்தயக் குதிரையின் தெம்பைக் காப்பாற்ற இது நல்ல வழி. ஆனால் சுமையே இல்லாததால் டெண்டன் நார்களை இது வரிசைப்படுத்தாது. நடைக்கு மாற்றாகாது. இன்னொன்றும் உண்டு. நீந்தும் குதிரையைக் கரையில் நின்று கவனித்துப் பாருங்கள். மூக்கை மேலே தூக்கி, கழுத்தை நீட்டி, முதுகைக் குழித்துக்கொண்டு, பின்னங்கால்களை வேகமாக உதைக்கும். முதுகுவலிக் குதிரைக்கும் பின்னங்கால் மூட்டுத் தொந்தரவு உள்ள குதிரைக்கும் இது கெடுதல். மூச்சுக்குழாயிலோ நுரையீரலிலோ கோளாறு இருந்தாலும் குளம் வேண்டாம்.

நீருக்குள் ஓடும் டிரெட்மில் வேறு ரகம். இங்கே குதிரை தரையில் ஊன்றித்தான் நடக்கிறது, எடையை மட்டும் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. இடுப்பெலும்பு வரை தண்ணீர் ஏற்றினால் எடையில் முக்கால் பங்கு வரை குறையும். தண்ணீர் மட்டத்தை வாரா வாரம் இறக்கினால் சுமை தானாகக் கூடும். கணுக்கால் அளவுத் தண்ணீரிலோ வேறு பலன்: காலை உயரத் தூக்கி வைக்கப் பழகும். அளவான சுமை என்ற கேள்விக்கு நடைக்கு அடுத்து நன்றாகப் பதில் சொல்வது இதுதான். ஆனால் நம் பக்கம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் தூரம் குறுக்கே நிற்கும். வண்டியில் நிற்கும் குதிரை ஒவ்வொரு பிரேக்குக்கும் வளைவுக்கும் கால்களை இறுக்கி ஊன்றியபடியே வரும். வாரம் மூன்று தடவை மணிக்கணக்கில் ஏற்றி இறக்குவதானால், தண்ணீரில் மிச்சம் பிடித்த பாரத்தை வண்டியில் கொடுத்துவிடுவோம். அங்கேயே ஒரு மாதம் விட்டு வைக்க வசதியிருந்தால் யோசிக்கலாம். தோல் புண்ணோ தையலோ ஆறாமல் இருக்கும்போது கூடாது.

கை வைத்தியம், முதுகுக்கு

முட்டிக்குக் கீழே தசை இல்லை என்பதால் டெண்டன்மேல் மசாஜ் செய்வதில் பெரிய பயன் கிடையாது. எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது புதுக்காயத்தில் கெடுதல். ஆனால் மாதக்கணக்கில் ஒரு காலைக் காப்பாற்றிக் காப்பாற்றி நிற்கும் குதிரைக்குத் தோளும் கழுத்தும் முதுகும் இறுகிப்போகும். அங்கே நல்ல கைகளுக்கு வேலை உண்டு.

முதுகையே குறியாகக் கொண்டால் காசில்லாமல் செய்யக்கூடிய ஒரு பயிற்சிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது: கேரட் நீட்டல். குதிரையைச் சுவரோரம் சமதரையில் நிறுத்தி, கேரட்டைக் காட்டி மூக்கை மார்புக்கும், பிறகு முன்முட்டிகளுக்கு நடுவிலும், கீழே கணுக்கால் வரைக்கும் கொண்டுவர வேண்டும். அடுத்து இரு பக்கமும் வயிற்றுவார் இருக்குமிடம், இடுப்பு, பின்னங்கால் பக்கம். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து விநாடி போல நிறுத்த வேண்டும். கேரட்டை டபக்கென்று பிடுங்கிக்கொண்டு திரும்பினால் அது பயிற்சியில்லை, தீனி. மெதுவாக இழுத்துப் போகும்போது வயிற்றுத் தசை இறுகி முதுகு மேலே எழும்புவது கண்ணுக்கே தெரியும். 2011ல் வெளியான ஓர் ஆய்வில் 8 குதிரைகளுக்கு வாரம் 5 நாள், மூன்று மாதம் இதைச் செய்தார்கள். முதுகெலும்பை ஒட்டியிருக்கும் தசை பருத்திருந்தது. சிறிய ஆய்வுதான், இருந்தாலும் பல மெஷின்களுக்கு இந்த அளவு கூட இல்லை.

முதுகுவலிக்கு வெளியாளைக் கூப்பிடும் முன் சேணத்தைப் பாருங்கள். பந்தயத்தை விட்டு வந்த குதிரை சில மாதங்களில் உடம்பு மாறும், சேணம் மாறாது. அது போக தரோபிரெட்களில் முதுகெலும்பின் மேல்முனைகள் ஒன்றோடொன்று உரசும் கோளாறு சகஜம். அதை எக்ஸ்ரே இல்லாமல் யாரும் கையாலேயே கண்டுபிடித்துவிட முடியாது. "எலும்பு நகர்ந்திருந்தது, தட்டி உட்கார வைத்துவிட்டேன்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். அரை டன் மிருகத்தின் முதுகெலும்பு தட்டினால் நகராது. குதிரை சற்று இளகி நிற்கலாம், சில நாளில் பழையபடி ஆகிவிடும்.

யார் செய்யலாம்? இங்கிலாந்தில் மனிதர்களுக்கான பிசியோதெரபி படித்துவிட்டு, மேற்படிப்பில் விலங்குகளுக்குப் பயிற்சி எடுத்தவர்கள் கால்நடை மருத்துவரின் வழிகாட்டலில் வேலை செய்கிறார்கள். நம் நாட்டில் 1984ம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, வைத்தியம் பார்ப்பது பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. ஆகவே வருகிறவர் யாராக இருந்தாலும் உங்கள் மருத்துவரிடம் பேசத் தயாரா, ஸ்கேனைப் பார்த்தாரா, போகும்போது வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்தாரா என்று பாருங்கள். மூன்றும் இல்லாமல் அடுத்த சிட்டிங் தேதியை மட்டும் குறித்துக் கொடுப்பவருக்கு அதோடு வணக்கம் சொல்லிவிடலாம்.

எந்தக் குதிரைக்கு எது

சவாரிப் பள்ளிக் குதிரை என்றால் ஸ்கேன், நடை, லாடம், கேரட் நீட்டல். இதற்கு மேல் மெஷினுக்குச் செலவழித்தால் அது மனதிருப்திக்கு. பந்தயத்துக்கே திரும்ப வேண்டிய இளம் குதிரை என்றால் இவற்றோடு கடைசி மாதங்களில் தெம்புக்கு நீச்சல் சேர்க்கலாம். திரும்பிய பிறகும் பல குதிரைகளுக்கு அதே கால் மறுபடி போகிறது என்பதை முதலாளி இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். சஸ்பென்சரி என்று ஸ்கேன் சொன்னால் ஷாக்வேவ் பட்டியலில் மேலே ஏறும். அந்தியூர்ச் சந்தையில் வாங்கி ரேக்ளாவுக்கோ கல்யாண ஊர்வலத்துக்கோ விட்ட குதிரை என்றால், என்ன வைத்தியம் என்பதோடு எப்போது வேலைக்கு என்பதையும் பேச வேண்டும். தார் ரோட்டில் வண்டியிழுப்பதும் மேளத்துக்கு முன்கால் தூக்கி ஆடுவதும் ஆறாத டெண்டனுக்குத் தாங்காது. மூன்றாம் மாத ஸ்கேனில் ஓட்டை அப்படியே இருந்தால் டிராட் கிடையாது, இன்னும் இரண்டு மாதம் நடைதான். ஒன்பதாம் மாதத்திலும் அப்படியே என்றால், குழந்தைகளை ஏற்றி மெதுவாக நடக்கும் வேலைக்கு மாற்றிவிடலாம். அந்த இரண்டு ஸ்கேனுக்கான பணத்தை இன்றைக்கே எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று பார்த்து லேசர்காரருக்குப் பதில் சொல்லுங்கள்.